செருப்புக் கம்பெனி டயர்

டயர் விஷயத்தில் எந்தப் பெண்டாட்டியும் தலையிடக் கூடாது என்று முருகவேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே தீர்மானம் போட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பாத்ரூமில் அப்போது அவர் ஒருவர்தான் இருந்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், பொன்னி பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு முன் டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இதுக்கு இன்னா வந்துச்சு? போன ஆயுத பூஜைக்குத்தானே நாலும் புதுசா போட்டோம்? அடுத்த ஆயுத பூஜையே இன்னும் வரல. அதுக்குள்ள மொட்டை அடிச்சிகினு நிக்குது?"

"வெயிலு பொன்னி. திருவண்ணாமலை வெயிலுக்குப் பாறையே வெடிக்குது. ரப்பர் எம்மாத்திரம்?"

"அதே வெயில்லதானே நானும் துணி காயப் போடறேன். நான் தேயலையே?"

பொன்னியின் சுற்றளவைப் பார்த்த முருகவேலின் நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆன அனுபவம் அதைப் பிடித்து உள்ளே இழுத்தது.

"அந்த டயர் கடை ஆதிமூலம் அண்ணன் அன்னிக்கு இன்னா சொன்னாரு? 'கண்ணை மூடிகினு நாலு வருஷம் ஓட்டலாம்'னு சொன்னாரா, இல்லியா?"

"கண்ணை மூடிகினு ஓட்டினா டயர் எங்கடி மிஞ்சும்? வண்டியே மிஞ்சாது."

"ஜோக்கு அப்புறம். நான் நாளைக்கு அந்தக் கடைக்குப் போய் நியாயம் கேக்கப் போறேன். மீட்டரைப் பாரு, டயரைப் பாரு, வாரண்டி குடுன்னு கேக்கப் போறேன். நம்மளை இன்னா இளிச்சவாயன்னு நெனச்சாரா?"

ஆதிமூலம் கடைக்குப் பொன்னி போவதில் முருகவேலுக்கு ஆட்சேபம் இல்லை. சண்டை போடுவதிலும் ஆட்சேபம் இல்லை. மீட்டரைப் பார்ப்பதில்தான் ஆட்சேபம்.

காரணத்தைச் சொல்லிவிடலாம். நமக்குள் என்ன ஒளிவு மறைவு?

முருகவேல் வேங்கிக்காலில் தண்ணீர் கேன் வியாபாரம் செய்பவர். விடியற்காலையில் பிக்கப்பில் கேன்களை ஏற்றிக்கொண்டு செங்கம் ரோட்டுக்குப் போவார். ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் காபிக் கடைகளிலும் இறக்குவார். வீட்டுக்குத் திரும்புவார். வியாபாரம் இவ்வளவுதான். போன் எடுப்பது, ஆர்டர் பிடிப்பது, பாக்கி வசூலிப்பது, வம்பு பேசும் விடுதி மேனேஜரை ஒரே வார்த்தையில் உட்கார வைப்பது எல்லாம் பொன்னி. அவள் லைசென்ஸும் எடுத்து வைத்திருக்கிறாள். ஆனால் வண்டியைத் தொட முருகவேல் விட்டதில்லை. "இந்த கியர்ல ஒரு சூட்சுமம் கீது. அது உனக்குப் பிடிபடாது" என்பார். அந்த சீட்தான் உலகத்திலேயே அவர் பேச்சு எடுபட்ட ஒரே இடம்.

போன வருஷம் அவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய அப்பாவுக்கும் சர்க்கரைதான். கால் விரலில் ஒரு சின்னப் புண்ணாக ஆரம்பித்தது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடும்படி ஆயிற்று. அதைப் பார்த்த நாளிலிருந்து பொன்னிக்கு அந்த வியாதியின் பேரைக் கேட்டாலே நடுக்கம். டாக்டர் சொன்ன அன்றைக்கே வீட்டிலிருந்து சர்க்கரை டப்பா நாடு கடத்தப்பட்டது. கேழ்வரகுக் களி குடியேறியது. "தினம் ஒரு மணி நேரம் நடக்கணும்" என்று டாக்டர் சொன்னதைப் பொன்னி இன்னும் நீட்டிச் சட்டமாகவே ஆக்கினாள். செங்கம் ரோட்டில் கேன் இறக்கியதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கிரிவலப் பாதையில் மலையை முழுசாக ஒரு சுற்று நடந்துவிட்டு வரவேண்டும். நடைக்கு நடை, புண்ணியத்துக்குப் புண்ணியம். இதற்கென்றே, டயர் மாற்றிய அதே ஆயுத பூஜையன்று, நல்ல தடித்த அடி வைத்த செருப்பு ஒன்றும் வாங்கிக் கொடுத்தாள்.

முருகவேல் மூன்று நாள் நடந்தார். நாலாம் நாள் முழங்கால் அவரைப் பார்த்து, "ஏன்யா, வண்டி எதுக்குய்யா வச்சிருக்கே?" என்று கேட்டது. நியாயமான கேள்வியாகத்தான் அவருக்குப் பட்டது.

அன்றிலிருந்து மலையை அவர் வண்டியிலேயே வலம் வந்தார். பாதி வழியில், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் சின்னசாமியின் பூரிக்கடை. எண்ணெயில் உப்பி எழும் பூரி, மஞ்சளாகக் கொழகொழவென்று கிழங்கு, அப்புறம் சுடச்சுட ஜிலேபி. ஒன்று சாப்பிட்டால் சின்னசாமி மனசு கஷ்டப்படும் என்பதற்காக இன்னொன்றும் சாப்பிடுவார். முருகவேலுக்கு இரக்க சுபாவம் அதிகம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வண்டியில் சுற்றினால் நேரமே ஆவதில்லை. சீக்கிரம் வீடு போனால் பொன்னி, "அதுக்குள்ள நடந்துட்டீங்களா?" என்பாள். கடையிலேயே நெடுநேரம் உட்காரலாமென்றால், நடந்து போகும் தெரிந்த முகம் ஏதாவது பார்த்துவிடும். ஓடுகிற வண்டியை எவன் பார்க்கிறான்? ஆகவே ஜிலேபி முடிந்ததும் இன்னொரு சுற்று. அப்படியும் நேரம் மிச்சமிருந்தால் மற்றொன்று. உலகத்தில் மனிதர்கள் நேரம் போதாமல் வண்டி ஓட்டுவார்கள். நேரத்தைத் தீர்ப்பதற்காக டீசல் ஊற்றி ஓட்டியவர் இவர் ஒருவர்தான்.

வீடு நெருங்கும்போது டேஷ்போர்டிலிருந்து திருநீறு எடுத்து நெற்றியில் பட்டையாகப் பூசுவார். கேனைச் சாய்த்து முதுகிலும் கழுத்திலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்வார். வேர்வை தயார். எதிர்வீட்டு ஆர்த்தி டீச்சர் இவரைப் பார்த்துவிட்டால் கைகூப்பாமல் போகமாட்டாள்.

"அண்ணா, தினமும் நடக்கறீங்களே, பாதில திரும்பிடலாம்னு தோணாதா?"

"கிரிவலத்தைப் பாதில விட்டா பாவம்மா," என்பார் முருகவேல், பல்லிடுக்கிலிருந்து ஜிலேபியை நாக்கால் துழாவிக்கொண்டே.

வேடிக்கை என்னவென்றால், ஊரே வந்து மலையைச் சுற்றும் பௌர்ணமியன்று மட்டும் முருகவேலுக்கு முட்டி வலி வந்துவிடும். அன்றைக்கு அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள்.

ஆக, மீட்டரைப் பார்த்தால் எல்லாம் வெளியே வரும். அப்புறம் ஜிலேபி போகும், பூரி போகும், காலை நேரத்துச் சுதந்திரம் போகும். பொன்னி ஆதிமூலத்தைச் சந்திக்கவே கூடாது. அதற்கு ஒரே வழி, அவள் கிளம்புவதற்கு முன்னால் தானே போய் டயரை மாற்றிவிட்டுப் பழசைக் கண்காணாமல் கழித்துவிடுவது. அதற்கு, டயர் என்பது ஆண்கள் மட்டுமே புரிந்துகொள்ளக்கூடிய சாஸ்திரம் என்று முதலில் அவளை நம்பவைக்க வேண்டும்.

அன்று காலை பூராவும் போனில் டயர் வீடியோ பார்த்தார். மத்தியானம் களி உருண்டைக்கு முன்னால் உட்கார்ந்ததும் பிரசங்கம் ஆரம்பித்தது.

"பொன்னி, ஆதிமூலம் மேல தப்பு இல்ல. தப்பு நம்ம மேலதான். டயர் நீடிச்சு உழைக்கறது சும்மா இல்ல. அதுல ஒரு சயின்ஸ் கீது."

"அப்படியா? சொல்லுங்க."

"மொதல்ல காத்து. காத்து கம்மியா போச்சுன்னா ரெண்டு ஓரமும் தேஞ்சிடும். அப்புறம் பாரம். தாங்கறதுக்கு மேல ஏத்தினா எந்தக் கம்பெனி டயரும் படுத்துடும். எல்லாத்துக்கும் மேல, ஒரே எடத்துல மாட்டி வெக்கக் கூடாது. முன்னாடி இருக்கறதைப் பின்னாடி, பின்னாடி இருக்கறதை முன்னாடின்னு அப்பப்போ மாத்திப் போட்டுகினே இருக்கணும்."

"காத்து, பாரம், எடம் மாத்தறது," என்று பொன்னி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னாள். "அடேங்கப்பா! உங்களுக்கு இவ்ளோ தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சே. கொழம்பு ஊத்தட்டுமா?"

"ஊத்து. இதெல்லாம் பொம்பளைங்க போய்ப் பேசற விஷயம் இல்ல. நானே பாத்துக்கறேன்."

"சரிங்க. நீங்களே பாருங்க."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று முருகவேல் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஜெயித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஜெயித்த மாதிரி இருந்தாலே போதும்.

மறுநாள் கேன் இறக்கிய கையோடு, பூரிக்கடைக்குக்கூடப் போகாமல் வீட்டுக்கு வந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால், வண்டியில் பக்கத்து சீட்டில் பொன்னி. தலையில் பூ, மடியில் ஒரு கட்டைப்பை.

"நீ எங்க?"

"நான் ஒண்ணும் பேச மாட்டேங்க. புது டயருக்கு எலுமிச்சம்பழம் வெக்கணும் இல்ல? நல்ல காரியத்துக்கு ஒரு பொம்பளை கை வேணாமா?"

எலுமிச்சம்பழத்தை எதிர்த்து எந்த வீடியோவிலும் ஒன்றும் சொல்லவில்லை. முருகவேல் வண்டியைக் கிளப்பினார்.

வேலூர் ரோட்டில் ஆதிமூலத்தின் டயர் கடை. ஆதிமூலம் டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து தானும் கிட்டத்தட்ட அந்த வடிவத்துக்கே வந்துவிட்ட மனிதர். தன் டயரை யாராவது குறை சொன்னால் பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி துடித்துப்போவார். வண்டி நின்றதும் முருகவேல் குதித்து இறங்கி, ஆதிமூலத்தைப் பார்த்து இடது கண்ணைச் சிமிட்டினார். புரியவில்லை போலிருக்கிறதே என்று வலது கண்ணையும் சிமிட்டினார்.

"இன்னாய்யா முருகவேலு, கண்ணுல தூசியா? வா, தண்ணி ஊத்தி அலம்பு."

"தூசி இல்லண்ணே," என்றாள் பொன்னி இறங்கியபடி. "அவருக்குக் காலையிலேந்து மனசு சரியில்ல. நீங்க குடுத்த டயர் ஒரு வருஷம்கூட வரல."

ஒன்றும் பேச மாட்டேன் என்று சொன்னவள் பேசிய முதல் வாக்கியம் இது. ஆதிமூலத்தின் முகம் கறுத்தது.

"என் டயரா? ஒரு வருஷமா? யம்மா, அப்படி இருந்தா இன்னிக்கே கடையைச் சாத்திட்டு சுண்டல் விக்கப் போறேன்." டார்ச்சை எடுத்துக்கொண்டு முட்டி போட்டு வண்டிக்கடியில் புகுந்தார். "காத்தே பாக்கல. ஓரம் பூரா தின்னுகினு போயிருக்குது. ரப்பர் மேல மேடா இருக்கற பட்டன் ஒண்ணுகூட இல்ல. வண்டி எங்க எங்க ஓடுது?"

"வேங்கிக்கால்லேந்து செங்கம் ரோடு. தண்ணி கேனை எறக்கிட்டு நேரா வீடு," என்றாள் பொன்னி.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான், அவ்ளோதான்," என்றார் முருகவேல். ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும்.

ஆதிமூலம் மீட்டரைப் பார்க்கக் கதவைத் திறந்தார். சீட்டில் ஏறி ஸ்டியரிங்கில் கையை வைத்தவர், சுரீரென்று உதறினார்.

"இன்னாய்யா இது, ஸ்டியரிங் பூரா எறும்பு?"

"தண்ணி வண்டி இல்லியாண்ணே," என்றார் முருகவேல். "எறும்புக்கும் தாகம் எடுக்கும்ல?"

"மீட்டரை வேற பாரு! லோக்கல்ல கேன் போடற வண்டியா இது? தெனம் மெட்ராஸுக்கு லோடு அடிக்கற வண்டி மாதிரி ஓடியிருக்குதே."

"மீட்டர் ரிப்பேருண்ணே. வண்டி நின்னாலும் அது ஓடிகினே இருக்கும்."

பொன்னி எட்டி மீட்டரைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அதுதான் முருகவேலுக்குப் பயமாக இருந்தது. பேச்சை மாற்ற வேண்டுமென்று ஆதிமூலத்தின் தோளில் கைபோட்டுக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"பழசை வுடுண்ணே. புதுசைக் காட்டு. சும்மா பள பளன்னு இருக்கறது வேணாம். நீடிச்சு உழைக்கணும். ரப்பர் கெட்டியா இருக்கணும், பட்டன் ஆழமா இருக்கணும். எது நல்லா வரும்?"

ஆதிமூலம் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தார். இது பாரம் தாங்கும், இது மழையில் வழுக்காது, இது விலை கம்மி ஆனால் சீக்கிரம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே போனார். முருகவேல் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், ஒன்றில் கன்னத்தை வைத்துக்கூடப் பார்த்தார். எந்த வீடியோவில் அப்படிச் செய்தார்கள் என்று தெரியவில்லை.

"அண்ணே, ஒரு நிமிஷம்," என்றாள் பொன்னி.

கட்டைப்பைக்குள் கையை விட்டாள். எலுமிச்சம்பழம் வரும் என்று பார்த்தால் ஒரு ஜோடி செருப்பு வந்தது. தாளில் சுற்றியிருந்த அதைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

"இன்னாடி இது? வியாபாரம் பண்ற மேஜை மேல செருப்பைக் கொண்டாந்து வெக்கறே!"

"புதுசு மாதிரிதானே கீது, தப்பில்லீங்க. அண்ணே, இந்தச் செருப்பும் உங்க டயரும் ஒரே நாள்ல வாங்கினது. டயரு சும்மா செங்கம் ரோடு போய் வந்ததுக்கே மொட்டையாயிடுச்சு. இந்தச் செருப்பைப் போட்டுகினு இவரு தெனம் கிரிவலப் பாதையில ஒரு முழுச் சுத்து நடக்கறாரு. வெயிலு, மழை எதுவும் பாக்கறதில்ல. கொஞ்சமாச்சும் தேஞ்சிருக்குதா பாருங்க."

ஆதிமூலம் செருப்பை எடுத்தார். தொழில் பழக்கத்தில் திருப்பினார், வளைத்தார், அடியைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"பட்டன் அப்படியே கீதும்மா."

"அதான் கேக்கறேன்," என்றாள் பொன்னி, பரம சாதுவாக. "இந்தச் செருப்புக் கம்பெனிக்காரங்க டயர் எதுனா போடறாங்களா? இருந்தா அதுலயே நாலு குடுத்துடுங்களேன்."

ஆதிமூலம் செருப்பைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். மெல்லத் தலையைத் திருப்பி முருகவேலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது தெரிந்தது. தன் டயரின் மானம் திரும்பக் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் மாட்டிக்கொண்ட புருஷனின் மூளை வேலை செய்யும் வேகத்தை யாரும் குறைத்து எடை போடக் கூடாது.

"பைத்தியக்காரி!" என்று சிரித்தார். "கிரிவலத்துக்கு எவனாவது செருப்பு போட்டுகினு போவானா? சாமி மலைடி அது! வண்டியில கழட்டி வெச்சிட்டு வெறுங்காலோடதான் நடக்கறேன். அப்புறம் செருப்பு எப்படித் தேயும்?"

சொல்லி முடித்ததும் அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. ஆதிமூலம்கூட "அட!" என்றார்.

பொன்னியின் முகம் மாறியது. கண் கலங்கின மாதிரி இருந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயோ, நான் ஒரு கூறு கெட்டவ. வெறுங்காலோடயா நடந்தீங்க? ஒரு வார்த்தை சொன்னீங்களா? இது தெரியாம நான் செருப்பைத் தூக்கிகினு வந்து உங்களை அவமானப்படுத்திட்டேனே. அந்தக் காலைக் குடுங்க, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறேன்."

"சேச்சே, கடையில எதுக்கு..."

"எங்க ஒத்திக்கிட்டா இன்னா? குடுங்க."

கல்யாண நாளிலிருந்து இப்படி ஒரு மரியாதை அவருக்குக் கிடைத்ததில்லை. முருகவேலுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது. ஓரமாகக் கிடந்த டயரில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். பொன்னி காலை இரு கையாலும் பயபக்தியோடு பிடித்துத் திருப்பி, உள்ளங்காலை வெளிச்சத்துக்குக் காட்டினாள்.

"அண்ணே, உங்க டார்ச்சைக் கொஞ்சம் அடிங்க."

ஆதிமூலம் அடித்தார். வெறும் டார்ச்சோடு நிறுத்தவில்லை. பட்டன் ஆழம் பார்க்கும் சின்னக் கருவியை எடுத்துவந்து குதிகாலில் ஒரு இடத்தில், விரலுக்குக் கீழே ஒரு இடத்தில் என்று வைத்து வைத்துப் பார்த்தார். முருகவேல் கூச்சம் தாங்காமல் நெளிந்தார்.

"ஒரு வெடிப்பு இல்ல, ஒரு காய்ப்பு இல்ல," என்று ஆதிமூலம் அறிக்கை கொடுத்தார். "ரோட்டுல எறக்கவே இல்ல இது. ஷோரூம் பீஸும்மா."

காலை விட்டாள் பொன்னி. அது தொப்பென்று தரையில் விழுந்தது.

"உங்க வேர்வையில மட்டும் உப்பே இல்லியே, சட்டையில கறை படியலையேன்னு துவைக்கிறப்பல்லாம் நெனப்பேன். ஊரு பூரா நடக்கற பௌர்ணமிக்கு இவருக்கு மட்டும் ஏன் முட்டி வலிக்குதுன்னும் நெனப்பேன். சரி, வயசாவுதே, ஒரு டீ குடிச்சிட்டு ஒக்காந்து வராருன்னு வுட்டுட்டேன்."

"சத்தியமா ரெண்டே ரெண்டு ஜிலேபிதான் பொன்னி!"

ரோட்டில் போன பஸ்கூட ஹாரன் அடிக்காமல் போனது.

"ஜிலேபியா?" என்றாள் பொன்னி மெதுவாக. "நான் அதைப் பத்திக் கேக்கவே இல்லியேங்க."

ஆதிமூலம் எறும்பு கடித்த விரலைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

இப்போது அவள் சத்தம் போடுவாள் என்று முருகவேல் எதிர்பார்த்தார். சத்தம் போட்டால் பதிலுக்குச் சத்தம் போடலாம், கோபித்துக்கொண்டு ஒரு வேளை சாப்பிடாமல் இருக்கலாம். களிதானே, நஷ்டமில்லை. ஆனால் பொன்னி போடவில்லை. பக்கத்து டயரில் உட்கார்ந்தாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"மாமாவுக்குக் காலை எடுத்தப்ப நான்தாங்க ஆஸ்பத்திரியில கூட இருந்தேன். நீங்க பாக்க மாட்டேன்னு வெளியில போய் நின்னுட்டீங்க. நான் பாத்தேன். டயரு போச்சுன்னா அண்ணன் கடையில வேற கெடைக்கும். காலு போச்சுன்னா எந்தக் கடையில போய் உருட்டிகினு வர்றது?"

முருகவேலுக்கு அவமானமாக இருந்தது, அவள்மேல் பாசமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒரு ஆம்பளை என்ன செய்வது என்று தெரியாமல் பட்டன் தேய்ந்த ஒரு பழைய டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளையிலேந்து நடக்கறேன் பொன்னி. நெஜமா."

"நடப்பீங்க, நடப்பீங்க. எனக்கு நம்பிக்கை கீது." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தபோது பழைய பொன்னியாகவே இருந்தாள். "அண்ணே, ரொம்ப ஒசத்தியா எதுவும் வேணாம். நடுத்தரமா நாலு போடுங்க. இனிமே வண்டி அவ்ளோ ஓடாது."

டயர் ஏறியது. காற்றை ஆதிமூலம் தன் கையாலேயே அளந்து அடித்தார். பொன்னி நாலு சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். கட்டைப்பையில் நிஜமாகவே எலுமிச்சம்பழமும் இருந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒன்றாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கற்பூரம் காட்டியாயிற்று. முருகவேல் சாவியோடு ஓட்டுநர் பக்கம் நடந்தார்.

பொன்னி கையை நீட்டினாள்.

"சாவி."

"இன்னாத்துக்கு?"

"ஒரே எடத்துல மாட்டி வெக்கக் கூடாது, அப்பப்போ மாத்திப் போடணும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்பதான் நீடிச்சு உழைக்குமாமே."

"அது டயருக்குடி!"

"டயருக்கே அப்படின்னா மனுஷனுக்கு?"

முருகவேல் ஆதிமூலத்தைப் பார்த்தார். ஆதிமூலம், "அம்மா சொல்றது டெக்னிக்கலா கரெக்ட்டுதான்யா," என்றார். ஆபத்தில் உதவாத நண்பன் என்று முருகவேல் அன்றே அவரைத் தலைமுழுகினார்.

பொன்னி ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கியரில் ஒரு சூட்சுமம் உண்டென்று முருகவேல் பயமுறுத்திக்கொண்டிருந்தாரே, அது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது. எலுமிச்சம்பழங்கள் நாலும் ஒன்றாக நசுங்கின. முருகவேல் பக்கத்து சீட்டில் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பூரிக்கடை விவரம் பூராவும் ஒப்பித்தபடி வீடு வந்து சேர்ந்தார். பைக்குள் செருப்பு இருந்தது.

மறுநாள் விடியற்காலை கேன் இறக்கி முடித்ததும் பொன்னி அவரைக் கிரிவலப் பாதை திரும்பும் இடத்தில் இறக்கிவிட்டாள். காலில் அந்தச் செருப்பு. "சாமி கோச்சுக்காது. சர்க்கரை இருக்கறவங்க வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் முன்னாடி போறேன், நீங்க வாங்க," என்றுவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

முருகவேல் நடந்தார். மலை இவ்வளவு பெரியது என்பதை அவர் மறந்தே போயிருந்தார். வண்டியிலிருந்து பார்த்தபோது பாதையோரத்து லிங்கக் கோயில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இத்தனை தூரம் இருந்ததில்லை. சட்டை நனைந்தது. இந்தத் தடவை கேன் தண்ணீர் இல்லை, அசல் உப்பு. சாமியார்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தாண்டிப் போனாள். கடைசியில் ஒரு மாடு தாண்டிப் போனது.

அடி அண்ணாமலை வளைவு திரும்பியதும் எண்ணெய் வாசனை வந்தது. மூக்கு முன்னே போக, கால் பின்னால் போனது. சின்னசாமி கடை வாசலில் பிக்கப் நின்றிருந்தது. புது டயரில் குங்குமம் இன்னும் அழியவில்லை. உள்ளே, அவர் வழக்கமாக உட்காரும் பெஞ்சில், அவர் வழக்கமாக உட்காரும் மூலையில் பொன்னி. முன்னால் பூரித் தட்டு காலி. பக்கத்தில் ஒரு தட்டில் ஜிலேபி.

"இன்னாப்பா முருகவேலு, இன்னிக்கு நடந்து வர்றே?" என்றார் சின்னசாமி, ஒன்றும் தெரியாதவர் போல. "வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் கீதுண்ணே," என்றாள் பொன்னி. "ரிப்பேர்ல இருக்கறது இவருதான்."

முருகவேல் பெஞ்சில் விழுந்து மூச்சு வாங்கினார். பார்வை மட்டும் தட்டை விட்டு நகரவில்லை. கை தானாக அந்தப் பக்கம் போனது. பொன்னி தட்டைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

"பாரம் கம்மியா இருக்கணும்னு சொன்னீங்க இல்ல?"

"நீ மட்டும் தின்றியே!"

"எனக்குச் சர்க்கரை இல்லீங்க." கடைசி ஜிலேபியை வாயில் போட்டுக்கொண்டு விரலைத் துடைத்தாள். "நல்லாத்தான் போடறாருங்க. உங்க மேல தப்பே இல்ல."

சின்னசாமி அவருக்கு முன்னால் ஒரு டம்ளர் சர்க்கரை போடாத டீயைக் கொண்டுவந்து வைத்தார். சொல்லி வைத்திருக்கிறாள். அதைக் குடித்துவிட்டு எழுந்தபோது வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பக்கத்துக் கதவின் பிடியை இழுத்தார். திறக்கவில்லை.

"பொன்னி, கதவு மாட்டிகிச்சு!"

"மாட்டலீங்க, பூட்டியிருக்கேன். இன்னும் பாதி மலை கீதே."

"முட்டி வலிக்குதுடி!"

"கிரிவலத்தைப் பாதில விட்டா பாவம்னு ஆர்த்தி டீச்சர்கிட்ட நீங்கதானேங்க சொன்னீங்க? வூட்டுல களி ஆறிடும், பாத்து சீக்கிரம் வாங்க."

வண்டி நகர்ந்தது. புது டயர் நாலும் சத்தமே இல்லாமல் உருண்டு, வளைவில் திரும்பி மறைந்தன. முருகவேல் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வந்து நின்ற சின்னசாமி, அடுப்புக் கரண்டியால் முதுகைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"நல்ல டயராத்தான் போட்டிருக்கே. எவ்ளோ நாள் வரும்?"

முருகவேல் குனிந்து செருப்பு வாரை இறுக்கிக்கொண்டார்.

"என் ஆயுசுக்கும் வரும்ணே."